எலும்புக்குப் பரவிய கல்லீரல் புற்றுநோய்: அப்பாவை வேலூருக்கு அழைத்துப்போவதில் பலன் உண்டா?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி நெய்துகொண்டிருந்த அப்பாவுக்கு 61 வயது. கல்லீரல் புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிவிட்டது என்கிறார்கள். வலியில் ராத்திரி தூக்கமே இல்லை. மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபெனாக் மாத்திரை கொடுக்கிறோம். எத்தனை நாள் இருப்பார்? இந்த நிலையில் வேலூருக்கு அலையவைக்கலாமா?

பதில்: முதலில் அந்த டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். அப்பாவைப் போலக் கல்லீரல் கெட்டவர்களுக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்த வாந்தியைக் கொண்டுவரும். பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆனால் நாளுக்கு 2 கிராமுக்கு மேல் போகக்கூடாது. அதற்கும் அடங்காத வலிக்கு மார்ஃபின்தான். பழக்கமாகிவிடுமோ என்று பயந்து வலியில் கிடக்கவிடாதீர்கள். கல்லீரல் பலவீனம் என்பதால் மருத்துவர் குறைந்த அளவில் தொடங்குவார். மார்ஃபினால் மலச்சிக்கல் வந்தால் இவர்களுக்குப் புத்தி தடுமாறும். அதனால் மலமிளக்கும் லாக்டுலோஸ் சிரப் கூடவே வேண்டும்.

எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கட்டத்தில் நோயை முழுதாகக் குணமாக்க முடியாது. பெரும்பாலோருக்கு மாதக்கணக்குதான், ஒரு வருடம் தாண்டியவர்களும் உண்டு. அதை எலும்பைவிடக் கல்லீரலே அதிகம் தீர்மானிக்கிறது. மஞ்சள் காமாலை இல்லை, வயிற்றில் நீர் இல்லை, எழுந்து நடமாடுகிறார் என்றால் அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் ஊசிகளோ லென்வாட்டினிப், சோராஃபெனிப் மாத்திரைகளோ காலத்தை நீட்டலாம். கல்லீரல் தளர்ந்துபோயிருந்தால் அவற்றால் உடம்பு படும் பாடுதான் மிச்சம். அப்போது வேண்டாம் என்று சொல்வது கைவிடுவது ஆகாது.

வேலூர் பயணம் அவசியம் என்பேன், கதிர்வீச்சுக்காக. வலிக்கும் எலும்புக்கு 8 கிரே அளவில் ஒரே ஒரு முறை கொடுத்தாலே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வலி குறைகிறது. முதல் சில நாள் வலி கூடலாம். சில வாரங்களில் தணியும். சி.எம்.சி.யில் கதிர்வீச்சுப் பிரிவும் வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவும் இருக்கின்றன. பஸ்ஸில் கூட்டிப்போகாதீர்கள், அரித்துப்போன முதுகெலும்பு ஒரு குலுக்கலில் நொறுங்கலாம். காரில் படுக்கவைத்து அழைத்துப்போங்கள்.

கால் மரத்தாலோ தொய்ந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம். நடை இருக்கும்போதே சிகிச்சை தொடங்கினால்தான் நடை தங்கும். உடனே 108-ஐ அழையுங்கள். தாகமும் மலச்சிக்கலும் குழப்பமும் சேர்ந்து வந்தால் ரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கும் நாட்களுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

இன்னொன்று, உங்களுக்காக. அப்பாவின் ரிப்போர்ட்டில் ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அம்மாவும் நீங்களும் உடன்பிறந்தவர்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தொற்று இல்லாதவர்கள் ஆறு மாதத்துக்குள் மூன்று தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.