ஒன்பதில் பெண், பத்தில் ஆண்

வாசகர் கேள்வி – பதில்: இந்த வாரம் பந்திங் வட்டாரக் கடிதங்கள்

கேள்வி: என் மகனுக்குச் சீனக் குடும்பத்தில் பெண் எடுக்கிறோம். சம்பந்தி வீட்டார் எங்களைக் கோலாலம்பூரில் உள்ள ஒரு பெரிய சீன உணவகத்துக்கு, இந்தப் பருவத்தில் மட்டும் கிடைக்கும் முடி நண்டு சாப்பிட அழைத்திருக்கிறார்கள். உள்ளங்கை அளவுள்ள நண்டை மசாலா எதுவும் இல்லாமல் அவித்து வைப்பார்களாம். விலையோ மலைக்க வைக்கிறது. அதில் அப்படி என்ன இருக்கிறது? எப்படிச் சாப்பிடுவது? ஒரு சிறு டப்பாவில் சம்பல் கொண்டுபோகலாமா?
— செம்பனைத் தோட்டத்து வாசகி

பதில்: சகோதரி, சம்பல் வேண்டாம். மசாலாவைச் சேர்த்தால், எதற்காக அத்தனை வெள்ளி கொடுக்கிறார்களோ அந்தச் சுவையே மறைந்துவிடும். கேரித் தீவிலும் மோரிப்பிலும் நாம் வாங்கும் சேற்று நண்டைச் சதைக்காகச் சாப்பிடுகிறோம். இந்த நண்டை ஓட்டுக்குள் நிறைந்திருக்கும் சினைக்காகவும் கொழுப்புக்காகவும் சாப்பிடுகிறார்கள்.

சீனர்கள் ‘தா சா சியே’ என்று அழைக்கும் இந்த நண்டின் கொடுக்குகளில், நனைந்த பஞ்சைச் சுற்றியதுபோலப் பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும். நன்னீரில் வளர்ந்து, இலையுதிர்காலத்தில் இனப்பெருக்கத்துக்காக உவர்நீர்க் கழிமுகத்தை நோக்கி இறங்கும் உயிர் அது. அந்தக் காலத்தில்தான் பெண் நண்டின் சினை செம்மஞ்சளாகக் கெட்டிப்படுகிறது, அதற்குச் சற்றுப் பின் ஆண் நண்டினுள் வெளிறிய, நாவில் ஒட்டும் களி போன்ற பொருள் நிரம்புகிறது. ‘ஒன்பதில் பெண், பத்தில் ஆண்’ என்பது அவர்களுடைய வழக்கு. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் ஏறத்தாழ அக்டோபர், பத்தாம் மாதம் நவம்பர். ஆண் 200 கிராம், பெண் 150 கிராம் இருந்தால் நல்ல அளவு என்பார்கள்.

ஜியாங்சு மாநிலத்தில் சூசோ நகருக்கு அருகிலுள்ள யாங்செங் ஏரியின் நண்டுக்குத்தான் பெரும் பெயர். பச்சை முதுகு, வெள்ளை வயிறு, பொன்னிற நகம், மஞ்சள் மயிர் ஆகியவற்றை அதன் அடையாளமாகச் சொல்வார்கள். பெயர் பெரிதானதால் போலியும் பெருகிவிட்டது: வேறு இடத்தில் வளர்த்துச் சிறிது காலம் மட்டும் ஏரி நீரில் விட்டு எடுத்த நண்டுக்கு ‘குளித்த நண்டு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அசலின் காலில் குறியீட்டு வளையம் மாட்டுகிறார்கள். வளையம் கண்ணில் பட்டாலும், அழைத்தவர்கள் முன்னிலையில் அதைப் புரட்டிப் பார்க்காதீர்கள்.

சாப்பிடும் முறை உங்களுக்குப் பாதி தெரிந்ததுதான். கட்டிய கயிற்றை அவிழ்த்து, வயிற்று மடலை நீக்குங்கள்; நம் நண்டைப் போலவே அகன்று வட்டமாக இருந்தால் பெண், ஒடுங்கியிருந்தால் ஆண். ஓட்டைப் பிரித்ததும் இருபுறமும் உள்ள செவுள்கள், ஓட்டின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் இரைப்பை, நடுவிலுள்ள சிறிய வெண்ணிற இதயம், கறுப்பு நூல் போன்ற குடல் ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். பிறகு, சூடு ஆறுவதற்குள் சினையை முதல் கரண்டி எதையும் தொடாமல் சாப்பிடுங்கள். இரண்டாவது கரண்டிக்கு, இஞ்சி நறுக்கிப் போட்ட கறுப்புக் காடியில் (வினிகரில்) இரண்டு சொட்டு போதும். கால்களைக் கடைசிக்கு வையுங்கள். தடித்த கணுவின் இரு முனைகளையும் கத்தரித்து, அதே காலின் மெல்லிய நுனியை உள்ளே விட்டுத் தள்ளினால் சதை சிதையாமல் முழுதாக வெளியே வரும். எட்டுக் கருவிகள் கொண்ட செட்டு ஒன்றை மேசையில் வைக்கலாம். கையால் சாப்பிடுவதிலும் தவறில்லை. ஒரு நண்டுக்கு அரை மணி நேரம் ஆனால் அதுவே சரியான வேகம்.

எங்கள் லயத்து வீட்டில், குழம்பில் சினை நண்டு அகப்பட்டால் அம்மா அந்த ஓட்டைத் தம் தட்டில் வைத்துக்கொண்டதே இல்லை; சுடுசோற்றை ஓட்டுக்குள்ளேயே போட்டுப் பிசைந்து பிள்ளைகளில் ஒருவருக்கு ஊட்டிவிடுவார். சம்பந்தி வீட்டார் உங்களுக்குத் தர நினைப்பதும் அந்த ஓட்டைத்தான். அதனால் விலையைக் கேட்டுக் கூசாமல் போய் வாருங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பெண் நண்டின் பருவத் தொடக்கம் நம் புரட்டாசி விரதத்தோடு மோதும். ஆண் நண்டின் தொடக்கம் பல ஆண்டுகளில் கந்த சஷ்டியோடு மோதும். 2024இல் தீபாவளி அக்டோபர் 31. மறுநாளே சீனப் பத்தாம் மாதம் பிறந்தது. நீங்கள் விரதம் பிடிப்பவரென்றால் மகனை விட்டு இப்போதே நாளை மாற்றச் சொல்லுங்கள். அமாவாசையைக் கணக்கிட்டு மாதம் வைப்பவர்களுக்கு விரத நாளை விளக்குவது கடினமில்லை.

கேள்வி: நண்டு சூடு என்று என் தாயார் சளிக்கு நண்டு ரசம் வைப்பார். வேலையிடத்துச் சீனத் தோழியோ நண்டு கடும் குளிர்ச்சி என்கிறாள். யார் சொல்வது சரி?
— வாசகர், பந்திங்

பதில்: இரண்டும் அவரவர் மருத்துவ மரபின் கணக்கு. சீன மரபில் நண்டு குளிர்ச்சிப் பொருள். அதை ஈடுசெய்யத்தான் காடியில் இஞ்சி, பக்கத்தில் இளஞ்சூட்டில் ஷாவ்சிங் அரிசி மது, முடிவில் வெல்லமிட்ட இஞ்சித் தேநீர். மது அருந்தாதவர்கள் தேநீரோடு நின்றுகொள்ளலாம். தாயாரின் ரசத்திலும் மிளகும் சீரகமும் பூண்டும் இருப்பதைக் கவனியுங்கள். தொண்டையைத் திறந்துவிடும் காரம் அவற்றினுடையது என்பது என் கருத்து. சினையில் கொழுப்புச் சத்து மிகுதி. கொலஸ்டராலுக்கோ கீல்வாதத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும். நண்டு, இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது.

கேள்வி: மழைக்குப் பின் தோட்டத்து ஓடையில் பிடிக்கும் நண்டையும் இப்படி வெறுமனே அவித்துச் சாப்பிடலாமா?
— பதினாறு வயது வாசகர், கேரித் தீவு

பதில்: தம்பி, தோட்டத்து ஓடையில் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் கலந்து வரும், அந்த நண்டை விட்டுவிடுங்கள். வேறு தூய நீரில் பிடித்த நன்னீர் நண்டாக இருந்தாலும் அரைவேக்காடு ஆகவே ஆகாது. நுரையீரல் புழு இத்தகைய நண்டு வழியாக மனிதருக்குள் வரும். உணவகங்களில் வயிறு மேலே பார்க்க வைத்து, ஏறத்தாழ 15 நிமிடம் முழு ஆவியில் அவிக்கிறார்கள். பெரிய நண்டுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். அவிப்பதற்கு முன்பே செத்துப்போன நண்டு எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் குப்பைக்குத்தான். செத்தவுடன் அதில் கிருமி வேகமாகப் பெருகும், அது உண்டாக்கும் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது.