குளிரில் வேலை: விறைத்த விரலை என்ன செய்வது?

ரொறன்ரோவில் வெளிவேலை செய்யும் நம்மவர்கள் கேட்டவை. அவசரப் பிரிவுத் தாதியாக என் பதில்கள்.

கூரை வேலை செய்கிறேன் அக்கா. மத்தியானம் இரண்டு விரல் நுனி வெள்ளையாகிவிட்டது. கிள்ளினாலும் தெரியவில்லை. தேய்த்துச் சூடாக்கலாமா?

தேய்க்காதீர்கள் தம்பி. உறைந்த தசைக்குள் பனித்துகள் இருக்கும். தேய்த்தால் கண்ணாடித் தூள் போட்டு அரைத்த மாதிரி. ஹீட்டர் முன்னாலும் நீட்ட வேண்டாம், உணர்ச்சியற்ற தோல் வெந்தாலும் தெரியாது. உள்ளே போய் 37 முதல் 39 பாகை வெந்நீரில் அரை மணி நேரம் அமிழ்த்துங்கள். சூட்டை வேறு யாராவது முழங்கை வைத்துப் பார்க்கட்டும். விரல் சிவந்து வலிக்கத் தொடங்கும். சும்மா வலி இல்லை, பெரிய ஆம்பிளைகளே அழுது பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வலி நல்லது, உயிர் திரும்புகிறது.

திரும்பவும் குளிருக்குள் போக வேண்டியிருந்தால் இளக்கவே வேண்டாம். இளகியது மறுபடி உறைந்தால் சேதம் இன்னும் மோசம். கொப்புளம் வந்தாலோ கறுத்தாலோ ஹொஸ்பிற்றல். இப்போதும் உணர்ச்சி இல்லையா? இதை வாசித்து முடிக்காமல் கிளம்புங்கள்.

இரண்டு சோடி மேஸ் போட்டும் கால் விறைக்கிறதே?

அதனால்தான் விறைக்கிறது! சப்பாத்து இறுகினால் இரத்தம் ஓடாது. உள்ளே விரல் அசைய வேண்டும். பருத்தி வேண்டாம், கம்பளி ஒரு சோடி போதும்; நனைந்தால் மாற்ற இன்னொன்று பையில் இருக்கட்டும். ஈரக்கால் கெட உறைபனி தேவையில்லை, 10 பாகையிலும் கெடும். முதலாம் உலகப் போரில் அகழிக்குள் நின்ற படையினருக்கு அப்படித்தான் வந்தது.

வெப்பநிலை -15, ஆனால் காற்றோடு -28 என்கிறார்கள். எதைப் பார்ப்பது?

-28ஐ. அந்தக் கணக்கில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். காதை மறக்காதீர்கள்.

ஒரு பெக் போட்டால் உடம்பு சூடேறும்தானே?

தோல்தான் சூடேறும். உள்ளே இருக்கிற சூடு அந்த வழியாக வெளியே போய்விடும். வீட்டுக்கு வந்த பிறகு என்றால் மனைவியைக் கேளுங்கள்.

கூட வேலை செய்தவர் நடுங்கிக்கொண்டிருந்தார். பிறகு நடுக்கம் நின்றது. பேச்சு குழறியது, ஆனால் "ஓகே" என்றார்.

அது சுகமானது இல்லை. உடல் சூடு 35 பாகைக்குக் கீழே போய், நடுங்கவும் பலம் இல்லாத நிலை. 911 கூப்பிடுங்கள். மெதுவாகப் படுக்க வைத்து, ஈர உடுப்பைக் கழற்றி, போர்வையால் சுற்றுங்கள். குழறுகிறவர் வாயில் தேத்தண்ணி ஊற்ற வேண்டாம், புரையேறும். அவர் சொன்ன அந்த "ஓகே"யை மட்டும் நம்பாதீர்கள்.