கையெழுத்துக்கு ஆள் பார்ப்பவர்கள்

கேள்வி: சவூதிக் கவிஞருக்கும் சீனப் பேராசிரியருக்கும் விடுதலை கேட்டு உங்கள் சஞ்சிகை ஓடி ஓடிக் கையெழுத்துச் சேர்த்தது. மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்ட நடேசனுக்கு எந்த வெள்ளைக்காரன் கையெழுத்துப் போட்டான்?
– பெயர் வேண்டாம், களுவாஞ்சிக்குடி

பதில்: பெயர் போடவில்லை, பயப்படாதீர்கள்.

2004 மே 31 காலை, வேலைக்குப் போகும் வழியில் ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசனைச் சுட்டார்கள். எல்லைகளற்ற ஊடகவியலாளர் அமைப்பும் நியூயோர்க்கிலுள்ள பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவும் அப்போதே கண்டித்தன. அடுத்த வருடம் ஏப்ரலில் நம்மூர் ஊடகவியலாளர் சிவராமைக் கொழும்பில் கடத்திக் கொன்றார்கள். இரண்டு கொலைக்கும் இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அதைக் காட்ட வேண்டிய இடம் வெள்ளைக்காரனின் வீட்டு வாசல் இல்லை.

சரி, நாம் யாருக்குக் கையெழுத்துப் போட்டோம்? 1991இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி, கவிஞர் செல்வியைப் புலிகள் பிடித்துப் போனார்கள். மறு வருடம் அமெரிக்க பென் எழுத்தாளர் அமைப்பு அவருக்கு விருது கொடுத்துக் குரல் எழுப்பியது. நம்மவர்கள் வாயைத் திறக்கவில்லை, திறந்த சிலர் வெளிநாட்டில் இருந்தார்கள். செல்வி திரும்பி வரவே இல்லை.

பழைய கதை என்பீர்கள். ஏறாவூர் எவ்வளவு தூரம்? 2012இல் வானொலிப் பேட்டியொன்றில் பாலியல் தொழில் பற்றிச் சொன்ன கருத்துக்காக அவ்வூர் முஸ்லிம் எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித் ஊரைவிட்டே போக வேண்டி வந்தது. 2015இல் அவர் கொல்லப்பட்டுவிட்டார் என்று பொய்ப் படமே பரப்பினார்கள். ‘அது அவங்கட பிரச்சினை’ என்று தமிழர் பக்கம் ஒதுங்கிக்கொண்டது.

அஹ்னாப் ஜஸீமுக்கும் அதே கதிதான். பள்ளிக்கூட ஆசிரியர், ‘நவரசம்’ என்று ஒரு தமிழ்க் கவிதை நூல் போட்டார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் உள்ள அந்த நூலையே தீவிரவாதத்துக்குச் சாட்சியாக்கி, 2020 மேயில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அடைத்தார்கள். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். புத்தளம் மேல் நீதிமன்றம் விடுவித்தது 2023 டிசம்பரில். எத்தனையோ கவியரங்கு நடத்துகிறோம், எதிலாவது அவர் கவிதை ஒன்றை வாசித்தோமா? ‘அர்த’ என்ற சிறுகதைக்காக 2019இல் நாலு மாதத்துக்கு மேல் மறியலில் கிடந்த ஷக்திக சத்குமார சிங்களவர். அவர் பெயரைக்கூட நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

நடேசனைத் தெரியாத ஒருவர் எங்கோ இருந்து அவருக்காக எழுத வேண்டும் என்றால், அஷ்ரஃப் ஃபயாத்தைத் தெரியாத நாமும் எழுதத்தான் வேண்டும். நீங்கள் குறிப்பிடும் சவூதிக் கவிஞர் அவர்தான், பாலஸ்தீனக் குடும்பத்தவர். 2015 நவம்பரில் மரண தண்டனை விதித்தார்கள். பல நாடுகளில் அவர் கவிதைகளை மேடையேறி வாசித்தார்கள். 2016 பெப்ரவரியில் தண்டனை எட்டு வருடச் சிறையும் 800 கசையடியுமாக மாறியது. இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தலை தப்பியது.

நடேசன் வழக்கு என்ன ஆனது என்று நீங்கள் எழுதித் தாருங்கள், இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன். ஃபயாத்துக்கு ஒதுக்கிய பக்கத்தைப் பறித்து அல்ல.