சண்டையில் வலு குறைந்த வகுப்புக்கு வேறு திறன்களைக் கூட்டிக் கொடுத்தால் சமநிலை வருமா?

நீங்கள் வடிவமைக்கும் கதாபாத்திர ஆட்டத்தில் (ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமேற்று, பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டம்) தூதுவர் என்னும் வகுப்புக்கு, அதாவது பாத்திர வகைக்கு, சண்டை பலத்தைக் குறைத்து, பேச்சுத்திறனைக் கூட்டினால் ஈடாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஆகாது என்பதே என் கருத்து. ஏனெனில் ஆட்டக்காரருக்கு வேண்டியது மேசையில் பங்கெடுக்கும் வாய்ப்பு. பெங்களூரு அல்சூரில் நாங்கள் ஆடும்போது ஒரு பெரிய சண்டை பாதி மாலையை விழுங்கிவிடும். காவலனிடம் பேசி உள்ளே நுழைவதோ ஒரே பகடை உருட்டலில் முடிந்துவிடும். அத்தகைய வகுப்பில் ஆடும் தோழி, தன் முறை வந்ததும் கவண்கல் எறிந்து, குறி தவறி, மறுபடியும் நெடுநேரம் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

மறுபக்கமும் உண்டு: ஒரே வகுப்பு சண்டையிலும் அதற்கு வெளியிலும் மிஞ்சிவிடலாம். டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்னும் புகழ்பெற்ற கதாபாத்திர ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் 5ஆம் நிலையை எட்டும் போர்வீரர் ஒரு முறைக்கு இரண்டு தடவை தாக்கலாம். அதே நிலையில் மந்திரவாதி, 8 அறுமுகப் பகடைகளின் அளவுக்குச் சேதம் விளைவிக்கும் தீப்பந்தையும் பறக்கும் மந்திரத்தையும் கற்றுக்கொள்ளலாம். இரண்டுக்கும், நீண்ட ஓய்வுக்குப் பிறகே மீண்டும் நிரம்பும் ஒரே மந்திர இருப்பிலிருந்து செலவிட வேண்டும் என்பது நல்ல கட்டுப்பாடுதான்; ஆனால் கதையில் நாளுக்கு ஒரே சண்டை நடக்கும் ஆட்டத்தில் அது அநேகமாகச் செயலிழந்துவிடும். 2008இல் வந்த 4ஆம் பதிப்பு சண்டைக்கு வெளியே உதவும் மந்திரங்கள் பலவற்றைச் சடங்குகளாகத் தனியே பிரித்தது. அந்தப் பிரிவினையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆகவே சண்டைத் திறனுக்கும் மற்றத் திறன்களுக்கும் தனித்தனிக் கணக்கு வையுங்கள்; ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டிலும் பங்கு இருக்கட்டும். தூதுவர் சண்டையின் நடுவிலேயே எதிரியை மிரட்டிப் பின்வாங்க வைக்கட்டும். போர்வீரர் கோட்டைச் சுவரைப் பார்த்ததும் அதன் பலவீனமான இடத்தைச் சொல்லட்டும்.