தப்பாகப் பதில் சொன்னால் நஷ்டஈடு கூடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 52 வயது. நான்கு மாதங்களுக்கு முன் பைக் விபத்தில் தலையில் அடி. பெயர்கள் மறக்கின்றன, எரிந்து விழுகிறார். நரம்பியல் உளவியலாளரைப் பார்க்கச் சொல்லிவிட்டார் டாக்டர். ஷாக் ஏதும் வைப்பார்களா? வழக்கைக் கவனிக்கும் புரோக்கர், 'எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லச் சொல்லுங்கள்' என்கிறார்.

பதில்: ஷாக், ஊசி எதுவும் கிடையாது. மேசை, பேப்பர், பென்சில், ஒரு ஸ்டாப் வாட்ச், அவ்வளவுதான். நரம்பியல் உளவியலாளர் நினைவு, கவனம் போன்றவற்றைச் சோதிப்பவர்; மாத்திரை எழுதித் தர மாட்டார். அடி எங்கே என்பதை ஸ்கேன் காட்டும். அந்த அடியால் அப்பா எதில் தடுமாறுகிறார் என்பதை இந்தச் சோதனைதான் சொல்லும்.

முதலில் பேச்சு. படிப்பு, வேலை, எழுதுவது வலது கையா இடது கையா, குடி எல்லாம் கேட்பார். உங்களிடம் தனியாகவும் விசாரிப்பார். படிப்பைக் கூட்டிச் சொல்லாதீர்கள். எட்டாம் வகுப்பு படித்தவரை அதே அளவு படித்த, அதே வயதுக்காரரோடுதான் ஒப்பிட வேண்டும்.

பிறகு சோதனை. 15 சொற்களை வாசித்து, நினைவில் உள்ளதைச் சொல்லச் சொல்வார். அதே பட்டியல் 5 முறை வரும். அரை மணி கழித்து, வாசிக்காமலே மறுபடி கேட்பார். எண்களைத் தலைகீழாகச் சொல்வது, ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகள், ஒரு படத்தைப் பார்த்து வரைந்துவிட்டுப் பிறகு பார்க்காமல் வரைவது என்று போகும். பல சோதனைகள் தவறு வரும்வரை கடினமாகிக்கொண்டே போகும்படி அமைந்தவை. இதை அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பாதியில் நொந்துபோவார். மொத்தம் 3, 4 மணி நேரம். களைத்தால் இரண்டு நாளாகப் பிரிப்பார்கள். உள்ளே நீங்கள் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்க முடியாது.

சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டு வாருங்கள். கண்ணாடி, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படம் கையில் இருக்கட்டும். ஒரே விதிவிலக்கு வலிப்பு. முந்தின நாளோ இரவோ வந்திருந்தால் போன் செய்து தேதியை மாற்றுங்கள். கை மட்டும் வெட்டி இழுத்தது, சில நொடி விழித்துப் பார்த்தபடி நின்றார் என்றாலும் சொல்லுங்கள். வலிப்புக்குப் பிந்தைய மந்தத்தில் எடுத்த மதிப்பெண் அந்த மந்தத்தைத்தான் அளந்திருக்கும். 'கஷ்டப்பட்டு வாங்கின தேதி' என்று மறைக்காதீர்கள்.

இனி அந்தப் புரோக்கர். மூளையில் பலத்த அடி பட்டவர்கள்கூடச் சரியாகச் செய்துவிடும் எளிய சோதனைகள் இடையிடையே உண்டு. எதற்கும் தெரியாது என்பவர் அங்கேதான் மாட்டுவார். 'முழு முயற்சி இல்லை' என்று அறிக்கையில் ஏறினால், நிஜமான மறதியையும் எதிர்த்தரப்பு வக்கீல் பொய்யாக்கிவிடுவார். தவிர, சோதிக்கும் உளவியலாளர்களான நாங்கள் எழுதுவது எது முடியும், எது முடியாது என்ற விவரம். ஊனச் சதவீதம் போடுவது மருத்துவக் குழு. இத்தனை பக்கம் எழுதிக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்தில் ஒற்றை எண்ணைத் தேடுகிறவர்களுக்கு என்ன சொல்வது?

புரோக்கர் காட்டும் சென்டருக்குப் போகாதீர்கள். சோதிப்பவர் கிளினிகல் சைக்காலஜியில் எம்.ஃபில். போன்ற தகுதி பெற்று, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்தவரா என்று எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கைரேகையில் மூளைத்திறன் பார்ப்பவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அறிக்கை வந்ததும் பை கட்டிக்கொண்டு கிளம்பாமல், வண்டி ஓட்டலாமா, பண விவகாரத்தைத் தனியாகப் பார்க்கலாமா, எப்போது வேலைக்குப் போகலாம் என்று கேளுங்கள். 'மார்க் சரியில்லை, அடுத்த வாரம் வேறு இடத்தில் எடுக்கலாம்' என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அதே 15 சொற்கள் இரண்டாம் முறை பழகியிருக்கும். மார்க் ஏறும், மறதி அப்படியே இருக்கும்.