கொடியை இறுக்காதீர்கள், முட்டுக் கொடுங்கள்

கேள்வி: கொல்லையில் இரண்டு இரும்புக் குழாய்களை நட்டு, 10 மீட்டர் நீளத்துக்கு நைலான் கயிற்றில் துணிக்கொடி கட்டினேன். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் பத்தே நாளில் தொய்ந்துபோகிறது, போர்வையின் ஓரம் மண்ணில் புரள்கிறது. இறுக்கி இறுக்கி இப்போது குழாய்களே உள்பக்கம் சாய ஆரம்பித்துவிட்டன. கயிற்றை எடுத்துவிட்டுக் கம்பி கட்டி, இன்னும் பலமாக முறுக்கிவிடலாமா?

பதில்: முறுக்க வேண்டாம். குழாய் சாய்ந்ததே நீங்கள் இறுக்கியதால்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈரத்துணி மொத்தம் 20 கிலோ, கொடி நெடுகப் பரவலாகத் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 50 செ.மீ. தொய்வு இருந்தால் ஒவ்வொரு குழாயையும் அது உள்ளே இழுப்பது சுமார் 50 கிலோ அளவுக்கு. தொய்வை 25 செ.மீ. ஆகக் குறைத்தால் 100 கிலோ. 10 செ.மீ.க்கு மேல் தொய்யவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் 250 கிலோ! துணி அதேதான், இழுப்பு மட்டும் ஐந்து மடங்கு.

சரி, என்ன செய்யலாம்? நடுவில் ஒரு கவட்டைக் கம்பு போதும். அதே 25 செ.மீ. தொய்வுக்கு, நடுவில் முட்டுக் கொடுத்ததும் குழாய்மேல் விழும் இழுப்பு 100 கிலோவிலிருந்து 25 கிலோவாக இறங்கிவிடும். கம்பு, கொடியின் உயரத்தைவிட ஒரு முழம் கூடுதலாக இருக்கட்டும். துணி போடும்வரை அதை ஓரமாக வைத்துவிடுங்கள், கொடி கைக்கு எட்டும்படி தாழ்வாக இருக்கும். துணி போட்டு முடித்ததும் கவட்டையில் கொடியை மாட்டி, அடிப்பக்கத்தை உள்ளே தள்ளித் தள்ளி நிமிர்த்துங்கள். போர்வையின் ஓரம் மண்ணைவிட்டு மெல்ல எழும்புவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். கம்பின் அடி வழுக்காமல் இருக்கத் தரையில் நாலு விரல் ஆழத்துக்கு ஒரு குழி போதும்.

இன்னொன்று, கனமான துணிகளைக் குழாய்க்குப் பக்கத்திலும் சட்டை, துண்டு மாதிரி லேசானவற்றை நடுவிலும் போடுங்கள். பலரும் போர்வையைத்தான் நடுவில் விரிக்கிறார்கள், அப்புறம் மற்ற துணிகளும் சரிந்து அதன்மேல் ஒட்டிக்கொண்டு சாயங்காலம் வரை ஈரவாடை அடிக்கும். கிளிப் போட மறக்காதீர்கள்.

சாய்ந்த குழாய்களை எப்படியும் பிடுங்கித்தான் நட வேண்டும். 8 அடிக் குழாயில் 2 அடியாவது மண்ணுக்குள் போகட்டும், சுற்றிலும் கான்கிரீட் போடுங்கள், நடும்போதே வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து நடுங்கள். அவசரப்பட்டு மறுநாளே கொடி கட்டினால் செய்த வேலை வீண், ஒரு வாரம் விடுங்கள்.

கேள்வி: கொடிக்குக் கயிறு நல்லதா, கம்பி நல்லதா?

பதில்: நைலான் பாரம் ஏறினால் நீளும், ஈரம் பட்டால் இன்னும் நீளும், வெயிலில் நாளடைவில் நைந்தும் போகும். பாலியெஸ்டர் கயிறு அந்த அளவுக்கு நீளாது. வெறும் இரும்புக் கம்பி துருப்பிடித்து வெள்ளைத் துணியில் கோடு போட்டுவிடும், அந்தக் கறை லேசில் போகாது. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி நல்லதுதான், ஆனால் உறை வெடித்த இடத்தில் உள்ளே துரு வந்துவிடும். மாதம் ஒரு முறை ஈரத்துணியால் நெடுகத் துடைத்துக்கொண்டே போங்கள், அழுக்கும் போகும், வெடிப்பும் விரலில் தட்டுப்படும்.

கேள்வி: வீட்டுக்கு மின்சாரம் வரும் குழாய் சுவரோரம் உறுதியாக நிற்கிறது. கொடியின் ஒரு முனையை அதில் கட்டிக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. உள்ளே போகும் ஒயரின் உறை எங்காவது தேய்ந்திருந்தால் குழாயில் மின்சாரம் பாயும், கொடி கம்பியாக இருந்தால் அதிலும் பாயும். ஈரக்கையோடு, பெரும்பாலும் வெறுங்காலோடு நின்று துணி போடுகிற இடம் அது. இப்படித் துணி காயப்போடப் போய் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். கயிறாக இருந்தாலும் வேண்டாம், நனைந்த கயிற்றையும் நம்ப முடியாது. மின்கம்பத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கும் கம்பியும் அப்படித்தான். ஏற்கெனவே கட்டியிருந்தால், கையால் தொடாதீர்கள், மெயின் சுவிட்சை அணைத்தாலும் அந்தக் குழாய்க்குள் வரும் ஒயரில் மின்சாரம் இருக்கும். மின்வாரியத்துக்குச் சொல்லி ஆளை வரவழைத்து, மின்சாரம் பாயவில்லை என்று அவர் சோதித்துச் சொன்ன பிறகே அவிழ்த்து, கொடிக்கென்று தனியாக ஒரு குழாயை நட்டுக்கொள்ளுங்கள்.