சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பாருங்கள்

புளியரையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு: பத்து மாத மகளுக்கு நான்கு நாளாகச் சளி, அது பச்சையாக வருகிறது, நெஞ்சில் கர்கர் சத்தம், சாரல் காற்று, இணையத்தில் பார்த்த வீடியோ என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் கடைசி வரியில் இருக்கிறது: "ராத்திரி நான் கண் அசந்த நேரத்தில் நிமோனியா ஆகிவிட்டால்?"

இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டாம். படுக்கும் முன்பும், பாலுக்கு எழும்போதும் பாருங்கள். குழந்தை அழாமல் இருக்கும் நேரத்தில் சட்டையைக் கழுத்துவரை தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்காதீர்கள். கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. இவள் வயதில் 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60, ஒரு வயது தாண்டினால் 40.

எண்ணும்போதே விலா எலும்புக்குக் கீழேயும் கண் இருக்கட்டும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே குழிந்தால் நுரையீரல் திணறுகிறது என்று பொருள். அதுவோ, பால் குடிக்க முடியாமல் போவதோ, மூச்சுக்கு மூச்சு முனகலோ, உதடு நீலம் பாரிப்பதோ, எழுப்பியும் எழாமல் துவள்வதோ, வலிப்போ, ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்துத் தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஆக்சிஜனும் ஊசி மருந்தும் வீட்டில் கிடைக்காது.

மூச்சு மட்டும் வேகமாக இருந்து, குழந்தை நன்றாகப் பால் குடித்து முகம் பார்த்துச் சிரித்தால், பெரும்பாலும் மருத்துவர் எழுதித் தரும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் சிரப்பே போதும். சொன்ன நாள் முழுவதும் கொடுங்கள்; இரண்டு நாள் கழித்து மறுபடி காட்டுங்கள். எல்லோருக்கும் எக்ஸ்ரே தேவைப்படாது.

அண்ணனுக்குப் புனலூரில் வாங்கிய ஆன்டிபயாட்டிக் மிச்சத்தை இவளுக்கு இரண்டு வேளை கொடுத்தேன் என்கிறீர்களே, அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அளவு எடையைப் பொறுத்தது. கலக்கிய சிரப் சில நாளில் வீரியம் இழந்துவிடும். வைரஸ் சளியை அது தொடக்கூடச் செய்யாது. மீதியைக் கீழே கொட்டுங்கள். இருமல் சிரப்பும் இந்த வயதுக்குக் கூடாது. குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விடுவதை அத்தை இன்றோடு நிறுத்தட்டும்; நுரையீரலுக்குள் இறங்கும் எண்ணெயே ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

பச்சைச் சளியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மூச்சு சரியாக இருந்தால், அந்தக் கர்கர் சத்தம் பெரும்பாலும் மூக்கடைப்பால் வருவது. சாரல் நிமோனியாவைக் கொண்டுவராது. இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம்.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். நிமோனியாவை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணை. அரசு நிலையங்களில் இலவசம். ஒன்பதாம் மாதத் தவணை விட்டுப்போயிருந்தால், லேசான சளி அதற்குத் தடையில்லை. வரும் புதன்கிழமையே துணை சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போங்கள்.